ரூல் புக்கில் ஏறிய வரி

எண்பதுகளில் ஒரு குளிர்காலக் காலை. நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து நியூயார்க்கின் மன்ஹாட்டன் போகும் ரயிலில் எதிர் சீட்டுப் பெண்மணி, கோட்டைக்கூடக் கழற்றாமல், பக்கத்தில் இருந்த தோழியிடம் பூரிப்போடு சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் மேல மூணு டீம் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்கடி!"

கணவர் ரேஸ் கார் டீம் ஒன்றில் எஞ்சினியராம்.

"ஐயையோ, என்ன பண்ணாருக்கா?"

"கார் பின்னாடி இறக்கை மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அதை இவர்தான் டிசைன் பண்ணாரு. நிக்கும்போது நேரா இருக்கும். ஸ்பீடா போனா காத்துலயே வளைஞ்சு படுத்துக்கும், கார் இன்னும் பறக்கும். சீசனுக்கு முன்னாடி டெஸ்டிங்ல பார்த்துட்டு மத்த டீமெல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க."

"ரூல் ஒத்துக்குதா?"

"ரேஸ் நடத்துறவங்களோட இன்ஸ்பெக்டர் நிக்கிற கார்லதானே ஸ்கேல் வைப்பாரு? ரெண்டு தடவை அளந்தும் எல்லாம் கரெக்ட். ரூல் புக்கையும் புரட்டிப் பார்த்தாங்க. வளையக்கூடாதுன்னு எங்கயும் இல்ல."

"அப்போ ஜெயிச்சாச்சு!"

"எங்க? 'ஓடும்போதும் வளையக்கூடாது'ன்னு புதுசா ஒரு வரி சேர்த்து, கழட்டச் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கத்தைக் காப்பி எடுத்து, ஃப்ரேம் போட்டு, ஹால்ல மாட்டிட்டேன்."

"அதுல அவர் பேர் இல்லையேக்கா?"

"பேர் எதுக்கு? இனிமே அந்த வரியைப் படிக்கிற ஒவ்வொரு டீமும் இவரைத்தான் திட்டும்."