மஞ்சள் கோடு

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, ஐயா. அடியில் இருக்கும் போல்ட்டை யாரோ கையால் திருகிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஸ்பேனர் இருந்தால் கொடுங்கள், பேசிக்கொண்டே முடுக்கிவிடுகிறேன். இல்லையென்றாலும் பாதகமில்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அப்பா போகும்போது வீட்டை எனக்கும், கோழிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய காரைத் தம்பிக்கும் எழுதிவைத்தார். எனக்குத்தான் யோகம் என்றார்கள் எல்லோரும். தம்பி நீச்சல் சொல்லிக்கொடுப்பவன், ஊரெல்லாம் நண்பர்கள், அவனுக்கு அந்தக் காரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. நான்தான் அதைக் கடைசித் திருகாணிவரை கழற்றித் திரும்பப் பூட்டினேன். எனக்குப் பார்த்த பெண்களெல்லாம் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்றுப் பள்ளிக்கூடமும் அனுப்பிவிட்டார்கள். நான் கொட்டகையிலேயே இருந்தேன். டேஷ்போர்டின் மரப்பலகைக்கு லென்ஸ் தேய்க்கும் பொடியாலேயே மெருகேற்றினேன். அதில் முகம் பார்க்கலாம்.

வண்டி உருவம் எடுத்தபிறகுதான் தம்பி வர ஆரம்பித்தான். அப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒருவன் போல்ட்டை முடுக்கினால், மற்றவன் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட வேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முடுக்கியவனே கோடு போடக் கூடாது. தம்பிக்குப் பொறுமை ஏது? நாளடைவில் முடுக்குவதும் நான், கோடு போடுவதும் நான் என்றாகிவிட்டது. பந்தயத் திடலில் வண்டிகளைச் சோதிப்பவரும் எங்கள் மஞ்சளைப் பார்த்தால் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

பழைய கார்களை வைத்திருப்பவர்கள் ஆசைக்கு ஓட்டும் பந்தயம் அது. பல் டாக்டர், பேக்கரிக்காரர், அந்த மாதிரி ஆட்கள். முதல் தடவை நான் ஓட்டினேன். கடைசியாக வந்தேன்.

“அண்ணா, நீ வண்டிய ஓட்டல. குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்க” என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன்தான் ஓட்டினான். ஜெயிப்பான், இல்லையென்றால் மூன்றாவது வளைவில் தாமதமாகத் திரும்பி டயர் சுவரில் இடிப்பான். தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்துக்கொண்டே இறங்குவான். நான் மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவேன். எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி அவனுடையது.

போன மாதம் கொட்டகையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டே சொன்னான். “கூரைய வெட்டிட்டு உள்ள இரும்புக் கூண்டு வெச்சிடலாம்ணா. அந்த மரப்பலகை, பின் சீட்டு எல்லாத்தையும் தூக்கிடலாம். வெயிட் கொறையும்.”

கூண்டு அவன் உயிருக்குப் பாதுகாப்புதான், நான் மறுக்கவில்லை. அடுத்த பந்தயம் முடிந்ததும் வேலை என்று வெல்டிங்காரரிடம் பேசிவிட்டதாகவும் சொன்னான். சரி என்றேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அந்த வாரம் நல்ல ரேடியேட்டரையும் முன் மட்கார்டையும் கழற்றிப் போர்வையில் சுற்றி என் கட்டிலுக்கடியில் வைத்தேன். பழைய இரும்புக் கடையில் கிடைத்தவற்றை மாட்டினேன். தம்பி கேட்டதற்கு, இடிக்கிற வண்டிக்கு எதற்கு நல்லது என்றேன். கரெக்ட் என்று முதுகில் தட்டினான். பிறகு, சீட் பெல்ட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளை எடுத்துவிட்டுக் குட்டையானவற்றைப் போட்டேன். நுனி மட்டும் மரையைப் பிடித்தது. கையால் இழுத்தால் வராது. மேலே மஞ்சள் கோடு போட்டேன். கோடு நன்றாகவே வந்தது.

பந்தயத்தன்று தம்பி குனிந்து கோட்டைப் பார்த்தான், போல்ட்டைப் பார்க்கவில்லை. பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். மூன்றாவது வளைவில் வழக்கம்போல இடித்தான். முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவன் மட்டும் வெளியே வந்தான். நான் ஓடிப்போய் முதலில் பானட்டைத் திறந்ததாகப் பேக்கரிக்காரர் சொல்கிறார். இருக்கலாம். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய வண்டி, போல்ட் பிய்ந்துவிட்டது என்று எழுதி முடித்து நீங்களும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அதோடு போயிருக்கும். நேற்று தம்பி மனைவி வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“அந்த வண்டிதான் மாமா அவரக் கொன்னுச்சு. அத நசுக்கிடச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து தூக்கிடுவாங்க. உங்க உழைப்பு எனக்குத் தெரியும், மன்னிச்சிடுங்க.”

அதனால்தான் வந்தேன். தப்பே செய்யாத ஒன்றின்மேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா? தம்பியைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். வழக்கு முடியும்வரை சாட்சிப் பொருளை யாரும் நசுக்க முடியாது என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

உங்கள் ஸ்டேஷன் பின்கட்டில் வண்டிகளெல்லாம் திறந்தவெளியில் நிற்பதைப் பார்த்தேன். தூறல் வேறு போடுகிறது. வாசலில் ஒரு தார்ப்பாய் வைத்திருக்கிறேன், வண்டி வந்ததும் போர்த்திவிடச் சொல்லுங்கள். நனைந்தால் தாங்காது, ஐயா.