படத்துக்கு நிற்கும் விவசாயி

— ஷூவைக் கழட்டுங்கண்ணே. மக்காச்சோளக் காட்டுல ஷூ போட்டு நின்னா மானியத்துக்காகப் படம் எடுக்க வர்ற ஆபீசர் சிரிப்பாரு.

— கல்லு குத்துதுடா தம்பி. அவரு வந்ததும் கழட்டிக்கறேன்.

— மண்வெட்டியை அப்படியா பிடிப்பாங்க? குடை பிடிச்ச மாதிரி இருக்கு.

— பாரு, ரொம்ப நையாண்டி பண்ணாத. கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு வியாபாரமே போச்சு.

— ஐயோ பாவம்! வருஷத்துல ஒரு நாள் விவசாயியா நிக்கறது கஷ்டம்தான். மானியம் மட்டும் நோகாம உங்க கணக்குல வந்து விழுந்துடுது.

— நிலம் என் பேர்ல இருக்கு, பணம் என் பேர்ல வருது. அரசாங்கம் போட்ட விதிடா. நானா போட்டேன்?

— அப்பா செத்தப்ப, எல்லாம் அண்ணன் பேர்லயே இருக்கட்டும்னு சொன்னது இந்த வாய்தான். இதைத்தான் செருப்பால அடிக்கணும். உழறது நான், விதைக்கறது நான், உரக்கடைக்காரன்கிட்ட பேச்சு வாங்கறதும் நான்.

— விளையறதை நீதானே விக்கற? பாரு, ஒரு கதிர் கேட்டிருப்பேனா உன்னை?

— போன வருஷம் என்ன விளைஞ்சுது? புழு தின்னது போக சக்கைதான் மிஞ்சுச்சு. அதுக்கு நிவாரணம்னு வந்த பணத்துல நீங்க கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டீங்க. நான் பொண்டாட்டி தோட்டை அடகு வச்சேன். இந்தத் தடவை பாக்கியைக் கட்டாம ஒரு மூட்டை உரம்கூட கிடையாதுன்னுட்டான்.

— ஆபீசர் வண்டி வருது. வாயை மூடு.

— வணக்கம். நிலம் யாரு பேர்ல?

— என் பேர்லதான் சார். வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க.

— இருக்கட்டும். இந்த வருஷம் விதி மாறியிருக்குங்க. உங்க நிலத்துல வேற யாராவது பயிர் பண்ணினா, நீங்க வாயால சொன்னா போதும். பாதி மானியம் அவங்களுக்குப் போயிடும். உங்க உரிமைக்கு ஒண்ணும் ஆகாது.

— அண்ணே, கேட்டீங்களா? பாதி போதும்ணே, உரக்கடையில தலை நிமிர்ந்து நிப்பேன். சொல்லுங்கண்ணே!

— இவரு யாருங்க?

— கூலி ஆள் சார்.

— அண்ணேன்னு கூப்பிடறாரே?

— வேலைக்கு வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க. பாருங்க, பயிர் பண்றது நானேதான்.

— ஏம்ப்பா, நீ கூலி ஆளா? பயப்படாம சொல்லு.

— வயிறு எரியுது சார். ஆனா பெரியவரு வாயால சொல்லிட்டாரு. அப்படியே எழுதிக்கோங்க.

— சரி. ஐயா, ஷூவைக் கழட்டிட்டு இப்படி நில்லுங்க... ம், ஆச்சு. அறுவடைக்கு முன்னாடி திரும்ப வந்து இன்னொரு படம் எடுப்போம். அப்ப கவனிப்பில்லாம பயிர் காய்ஞ்சு கிடந்தா, வாங்கின மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டணும்.

— அதெல்லாம் ஜம்முனு நிக்கும் சார். கதிர் பால் பிடிக்கிற நேரம், தண்ணி மட்டும் தப்பாம விட்டா போதும். டேய், என்ன வேடிக்கை பாக்கற? போய் மோட்டாரைப் போடு!

— நீங்களே போட்டுக்கோங்க முதலாளி. நாளையிலேர்ந்து நான் செங்கல் சூளைக்குப் போறேன். அங்க கூலி ஆளுக்குக் கூலி தர்றாங்க.