பன்னிரண்டாவது ராஜினாமா

அந்த நாற்காலியில உக்காராதீங்கண்ணே... சரி, உக்காந்துட்டீங்க. பரவால்ல, சாஞ்சுக்குங்க. முதுகுக்கு எவ்வளவு சொகமா இருக்கு, இல்ல? அதுக்காகத்தான் நான் வேலைய விட்டேன்.

ஐயோ, அது இருந்ததுக்கு இல்லண்ணே, இல்லாததுக்கு! ராத்திரி ஜாகா, அதான் காவக்காரன், தூங்கிடுறான்னு, இந்தக் கொண்டோ அடுக்குமாடி ஆளுங்க போன வாரம் பழைய நாற்காலியத் தூக்கிட்டு, மீன் விக்கிறவங்க உக்கார்ற மாதிரி ஒரு பிளாஸ்டிக் முக்காலியப் போட்டானுங்க. அஞ்சு வருஷமா இந்த கேட்டுல நிக்கிறேன், எனக்கு முக்காலி! சும்மா இருப்பேனா? இருபத்து நாலு மணி நேர நோட்டீஸ்!

எனக்கு இது பன்னெண்டாவது ராஜினாமாண்ணே. சூப்பர்வைசர் கமலநாதன் இருந்தப்பவே பதினொண்ணு எழுதியாச்சு. டாய்லெட் பூட்டுக்கு ஒண்ணு, மழைக்கோட்டு கிழிஞ்சதுக்கு ஒண்ணு... ஒரு தடவ எழுதின வார்த்தைய மறுபடி எழுதமாட்டேன். 'விலகுகிறேன்', 'விடைபெறுகிறேன்', 'துறக்கிறேன்'... துறக்கிறேன்னு எழுதின அன்னிக்கு கமலநாதன் மோட்டார் சைக்கிள்ல வந்து, "சாமியாரே, காவி வேணுமா, தே தாரேக் டீ வேணுமா?"ன்னாரு. குடிச்சேன். டாய்லெட் பூட்ட மாத்தினாரு. சாயங்காலம் டூட்டிக்கு வந்துட்டேன். லெட்டரப் பத்தி ரெண்டு பேரும் வாயே தொறக்கல. அதுதான்ணே முறை!

இப்ப அவரு சுங்கை பூலோவுக்கு மாறிட்டாரு. அவரு எடத்துக்கு வந்திருக்கிறது ஆட்ரின்னு ஒரு பொண்ணு. 'இப்பணியை முற்றாகக் கைவிடுகிறேன்'னு ராத்திரி பூரா யோசிச்சு, நேத்து காலையில அனுப்பினேன். அதுக்குத் தமிழ் படிக்க வராதாம், போன்லயே மொழிபெயர்த்துப் பாத்திருக்கு. ஒரே நிமிஷம். 'நோட்டட், மிஸ்டர் மாரிஸ்.' கட்டைவிரல் படம் வேற!

நேத்து மத்தியானம் நாற்காலி வந்துச்சு. என் முதுகுவலிய டூட்டி புக்குல பாத்துட்டு, அந்தப் பொண்ணு போன வாரமே ஆர்டர் போட்டிருக்கு... எனக்காக. ஒரு ராத்திரி உக்காந்தேன். காலையில என் எடத்துக்கு நீங்க வந்துட்டீங்க.

வேலையத் திருப்பிக் கேக்கலாம்தான். 'தொடர்கிறேன்', 'நீடிக்கிறேன்'... எல்லாம் எழுதி எழுதி அழிச்சேன் லா. விட்டுத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்ல. வீட்டுல டோரிஸுக்கு இன்னும் தெரியாது. இன்னிக்கு டூட்டிக்கு என்ன சோறு கட்டணும்னு மெசேஜ் போட்டிருக்கா.

இந்தாங்க டார்ச்சு. பின் கேட்டு சாவி இது, கொஞ்சம் தூக்கித் திருப்பணும். முதுகு எப்படி? நல்லாருக்கா?

ஹ்ம்.

அண்ணே... இந்த வேலை உங்களுக்கு ஒத்து வரலன்னா கூச்சப்படாதீங்க. லெட்டர நான் எழுதித் தரேன். இன்னும் நாலு வார்த்தை கைவசம் இருக்கு.