இன்னும் தெரியாதவளின் முகம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் துணி மடிக்கும் நாள். உன் அக்கா எல்லாவற்றையும் கட்டிலில் குவித்துப் போட்டு, ஜோடி சேராத காலுறைக்கெல்லாம் என்னையே பொறுப்பாளி ஆக்குவாள். ஞாயிறு காலை நான் எழுதும் நேரம் என்று பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அவசரப்பட்டால் எந்தக் கதையும் கெட்டுவிடும்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவது. 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று தினம் நாற்பது முறை எழுதுகிறேன். ஒருமுறை 'தங்கள் சிரமம் புரிகிறது' என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "இதெல்லாம் நமக்கெதுக்குங்க? புரியுதுன்னு எழுதினா நாளைக்கு நேர்லயே வந்து உக்காந்துக்குவாங்க" என்று அதைச் சிவப்பு மையில் வெட்டினார். அலுவலகம் இலக்கியத்துக்குச் செய்த தொண்டு அது. வீட்டுக்கு வந்தால் மிக்சி சத்தம், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம், என் கதையின் பின்பக்கத்தில் உன் அக்கா எழுதிய மளிகைப் பட்டியல். அத்தனையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது ஒரே ஒரு காட்சிதான். கதையில் ஒருத்தி, தாய் சாகக் கிடப்பது தெரியாமல் வீட்டு வேலை செய்துகொண்டிருக்கிறாள். படிக்கிறவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஏழு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் சோகம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்காததை எழுதினால் அப்படித்தான் ஆகும்.

அந்த ஞாயிறு பத்தே காலுக்கு நீ என்னைக் கூப்பிட்டாய். "அத்தான், அக்கா போன் ஆஃப்ல இருக்கு. அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. அக்காவையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. உடனே கூட்டிட்டு வாங்க." இதோ கிளம்புகிறோம் என்றேன். அப்போது பொய் சொல்லும் எண்ணம் சத்தியமாக இல்லை.

படுக்கையறைக்குப் போனேன். அவள் ஒரு போர்வையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏதோ பாட்டை முனகியபடி மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா நிக்கறதுக்கு அந்த முனையைப் பிடிங்களேன்" என்றாள். பிடித்தேன். "இது அம்மாவுக்கு. பழசானாத்தான் மெத்துன்னு இருக்குமாம். அடுத்த வாரம் போறப்ப ஞாபகப்படுத்துங்க." அவள் முகம் ஒரு முழத் தொலைவில் இருந்தது. அதில் எதுவுமே இல்லை. ஏழு தடவையும் நான் எங்கே தப்பு செய்தேன் என்று சட்டென்று புரிந்தது.

ஐந்து நிமிடம் என்று நினைத்துத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ மேலும் நான்கு முறை கூப்பிட்டாய். போன் அதிர்ந்து கவனத்தைக் கலைத்ததால் தலையணைக்கு அடியில் வைத்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை. பதற்றத்தில் யாருக்குத்தான் அடுத்தவர் வேலை கண்ணில் படும்? கடைசியில் 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று ஒரு செய்தி அனுப்பினேன். பதில் எழுதுவது என் தொழிலாயிற்றே.

அவளைப் பார்த்து ஒன்பது பக்கம் எழுதினேன். நடுவில் ஒருமுறை, "என்ன, இன்னைக்கு என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று வெட்கப்பட்டாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குத்தான், "இப்பத்தான் உன் தங்கச்சி கூப்பிட்டா" என்று சொன்னேன். ஒரு மணி நேர வழியை ஐம்பது நிமிடத்தில் கடந்தேன். நாங்கள் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் உங்கள் அம்மா போய்விட்டார். வண்டி வழியில் நின்றுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அந்த அழுகையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து மணிக்கணக்கு ஒப்பிட்டுப் பார்க்கவா போகிறீர்கள்? உயிரைப் பணயம் வைத்து ஓட்டினேன் என்று உன் அக்கா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்கிறாள்.

போன வாரம் கதை பத்திரிகையில் வந்தது. நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அதில் வைத்திருந்தேன். அந்தப் போனுக்குப் பிறகும் அவள் பக்கம் பக்கமாகத் துணி மடிப்பதை நீ படித்துவிட்டாய், அதில்தான் மாட்டிக்கொண்டேன். நல்ல வரியில் கைவைக்க எனக்கு மனம் வராது. இதை நீ பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆமாம், இரண்டே கால் மணி நேரம். தெரிந்தேதான் செய்தேன். உன் அக்காவிடம் சொல்வதானால் சொல், நான் தடுக்கப்போவதில்லை. அவள் என்னோடு இருப்பாளா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் படித்தால் அவளுக்கே புரியும், நான் அவளை எவ்வளவு அக்கறையோடு கவனித்திருக்கிறேன் என்று.

எனக்கு ஒரே ஒரு வருத்தம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னவுடன் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எதுவும் தெரியவில்லை. அந்தப் பத்தியை மட்டும் கற்பனையாகத்தான் எழுத வேண்டியதாயிற்று.