மாமியார் படம் போட்ட போர்வை

சீரியல் பார்க்கிறவர்களுக்கு என்ன பரிசு வாங்குவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை, மேடம். போர்வை கொடுங்கள். குளிருக்கும் ஆயிற்று, பார்க்கும்போது மடியில் போட்டுக்கொள்ளவும் ஆயிற்று. அந்த சீரியல் குடும்பத்தின் முகங்களே அதில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் ஜன்னல் திரை தைப்பவன். வீட்டின் முன்னறைதான் என் கடை. என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் டீச்சர். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு யார் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்த வாய் மூடுவதற்குள் தூங்கிவிடுவாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சாயங்காலங்களில் நானும் தையல் மெஷினும் பேசிக்கொண்டிருப்போம். அது கொஞ்சம் குறைவாகப் பேசும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவளுடைய மாணவர் ஒருவர், காரை நிறுத்துகிறேன் என்று சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார். அவளுக்கு முழங்கால் போயிற்று. அதில் என் பங்கு எதுவும் இல்லை. நீங்கள் தாராளமாக விசாரித்துக்கொள்ளலாம்.

கட்டுப் போட்டு வந்தவளை சோபாவில் உட்கார வைத்து டிவியைப் போட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, அந்தம்மா தூங்குறப்பக்கூட இத்தனை நகை போட்டிருக்கு?" என்றாள். போகப் போக, வாசலில் யாராவது வந்தால் "விளம்பரம் வர்றப்ப வரச் சொல்லுங்க" என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். அந்த சீரியலில் மாமனாருக்கு வெள்ளிக்கிழமை நினைவு திரும்பும், திங்கட்கிழமை மறுபடியும் மயங்கிவிடுவார்.

"இன்னைக்காவது இந்த மனுஷன் உண்மையச் சொல்வாரா?" என்று கேட்பாள்.

"வாயத் திறப்பாரு. உடனே தொடரும்னு போட்ருவான்" என்பேன்.

விழுந்து விழுந்து சிரிப்போம். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதே கிடையாது.

ஆனால் முழங்கால் தேறிக்கொண்டே வந்தது. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் கெட்டிக்காரி. "அக்கா, அடுத்த மாசம் நீங்க வண்டியில ஏறிடலாம்" என்றாள். என் மனைவி குழந்தை மாதிரிக் கைதட்டினாள். அன்று சாயங்காலம் சீரியலில் கோர்ட் சீன். அவள் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் கேஸ் ஜெயித்ததை நான் தனியாகத்தான் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் அந்த சீரியலில் ஒன்றுமே இல்லை, மேடம்.

அவள் பிறந்தநாளும் நெருங்கி வந்தது. சீரியல் படங்களைத் துணியில் அச்சடித்து வாங்கி நானே போர்வையாகத் தைத்தேன். நடுவில் மருமகள், தலைப்பக்கம் மயக்கத்தில் மாமனார், கால்மாட்டில் மாமியார். உட்கார்ந்து போர்த்திக்கொண்டால் பாதத்தைத் தாண்டித் தரையில் சுருண்டு கிடக்கும் நீளம். கனமான திரை நேராகத் தொங்குவதற்கு அடி மடிப்பில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்போம். அதையும் வைத்தேன். அளவு தப்பிவிட்டது என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். எனக்கு அளவு தப்பாது.

அவளுக்கு உயிரே அந்தப் போர்வைதான். தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "மாமியாரக் காலால மிதிச்சுக்கிட்டே சீரியல் பாக்குறேன், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இவ்வளவு யாருங்க செய்வாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் போர்வையை அவள் கால்களைச் சுற்றி நானே நன்றாகச் செருகிவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. நூல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, அழைப்பு மணியை அடித்தேன். "இதோ வர்றேன்" என்றாள். இன்னொரு தடவை அடித்தேன். அவசரத்தில் எழுந்தால் யாரும் காலைக் குனிந்து பார்ப்பதில்லை.

சத்தம் கேட்டது. உடனே உள்ளே போனால் நன்றாக இருக்காது என்று, உண்மையிலேயே கடைக்குப் போய் நூல் வாங்கினேன். நீல நூல். நல்ல தரம்.

இந்தத் தடவை இடுப்பெலும்பு. முழங்கால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், கொஞ்சம் கூடிப்போயிற்று. இனிமேல் வண்டி ஓட்டவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். ஒரு எபிசோடுகூட நாங்கள் விடவில்லை. சில நாள் அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் சிரிப்பேன்.

போன வாரம் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் போர்வையை மடித்து வைக்கப் போனாள். "என்ன சார், மீன் வலை மாதிரி கனக்குது?" என்றாள். என் மனைவி அதை வாங்கி, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒவ்வொரு குண்டாகத் தடவினாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"போர்வை எதுக்குங்க நேராத் தொங்கணும்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொன்னேன்.

"மணி அடிச்சதும் நீங்கதானா?"

"நான்தாம்மா."

அவள் தன் தங்கைக்கு போன் போட்டாள். மைத்துனி ஆட்களோடு வந்து அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. கோபம் இறங்க நாலு நாள் ஆகும், அப்புறம் தானாக வந்துவிடுவாள்.

இன்று காலை நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துவர வருவதற்கு முன்னால் மைத்துனிக்கு போன் செய்தேன். சீரியல் பார்க்கிறாளா என்றுதான் கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. "அந்த சீரியல் பாட்டு பக்கத்து வீட்டுல கேட்டாலே காதப் பொத்திக்கிட்டு நடுங்குறா. டிவியவே கழட்டி உள்ள வெச்சுட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாருங்கள் மேடம், நான் பக்கத்தில் இல்லாமல் பார்க்க அவளுக்கு மனசே வரவில்லை.