குழந்தை கடிக்குமா?

— உங்க வீட்டுக் குழந்தை கடிக்குமா?

— அக்கா, நாய் கடிக்குமான்னு கேக்க வந்தவன் நான்.

— இந்தப் பிராணிகள் காப்பகத்துக்கு வர்ற எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இதுங்களுக்குக் கேக்க வாய் இல்ல, அதான் இதுங்க பக்கம் நின்னு நான் கேக்கறேன். கடிக்குமா?

— அதாவது, பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான். எப்பவாவது கடிப்பா. என் தோளை மட்டும்.

— உண்மையைச் சொல்றீங்க, சந்தோஷம். கால் பாத்து வைங்க தம்பி, இப்பதான் கழுவி விட்டேன். எதுக்கு இப்ப வீட்டுக்குப் பிராணி?

— இவ அம்மா கப்பல்ல சமையல் வேலைக்குப் போயிருக்கா. வர இன்னும் ஆறு மாசம் ஆகும். பாப்பா விடிஞ்சதும் முழிச்சு, பக்கத்துத் தலகாணியைத் தடவிப் பாத்துட்டு அழ ஆரம்பிச்சுடறா. அதாவது, நான் ஒருத்தன் இருக்கறது அவ கணக்குலயே இல்ல. ஏதாவது ஒரு உயிர் கூட இருந்தா தேட மாட்டான்னு இவ அம்மாதான் சொன்னா. போன் பண்றப்பல்லாம் "இன்னைக்கும் அழுதாளா"ன்னுதான் முதல்ல கேப்பா. ஆமான்னா கவலைப்படுவா, ஆனா பாப்பா தன்னை மறக்கலன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்.

— பகல்ல யாரு பாத்துக்கறா?

— என் தங்கச்சி. நான் லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிடுவேன். அந்த முயல் எப்படிக்கா? சாதுவா இருக்கே.

— அது எலும்பு தீக்குச்சி மாதிரி. உங்க பாப்பா ஆசையா ஒரு தடவை கட்டிப் பிடிச்சா, முடிஞ்சுது.

— ஆமை?

— தொட்டா உடனே கை கழுவணும். உங்க பாப்பா கை இப்ப எங்க இருக்கு, பாருங்க.

— வாய்ல.

— அப்ப ஆமை வேண்டாம்.

— பூனைக்குட்டி?

— அதுவே ஒரு கைக்குழந்தை. ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ணியே உங்க தங்கச்சி ஓடிப் போயிடும்.

— அந்த மூலையில படுத்திருக்கறவரு?

— அவரு பேரு மேனேஜர். ஒரு வேலையும் பாக்க மாட்டாரு, எல்லாரையும் பாத்துக்கிட்டே இருப்பாரு. வயசான நாய். பாப்பாவை இறக்கி விடுங்க, நான் பக்கத்துலயே நிக்கறேன்.

— காதைப் பிடிக்கறா அக்கா. பாப்பா, விடு. விடும்மா.

— கையை மெதுவா எடுத்து விடுங்க. இப்ப மேனேஜர் என்ன பண்றாரு?

— எந்திரிச்சுப் போய் சுவரோரமா படுத்துட்டாரு. பிடிக்கல போல.

— பிடிக்கலதான். ஆனா உறுமல, பல்லைக் காட்டல, தள்ளிப் போயிட்டாரு. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு அசையாம கிடக்கற நாயைத்தான் நான் நம்ப மாட்டேன். என்னைக்காவது ஒருநாள் அதுக்குப் பொறுமை போயிடும்.

— தள்ளிப் போறது நல்ல குணமா அக்கா?

— திரும்பி வந்தா நல்ல குணம். கொஞ்சம் பொறுங்க, பாப்போம்.

— வர்றாரு. வந்து பாப்பா கால்கிட்டயே படுத்துட்டாருக்கா.

— அப்ப கூட்டிட்டுப் போங்க. பாப்பா கை எட்டாத ஒரு மூலை அவருக்குன்னு இருக்கணும். ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு நகரக்கூடாது. நாளைக்குக் காலையில போன் பண்ணுவேன், எடுங்க.

— எடுக்கறேன்க்கா.

— தம்பி, காப்பகத்துல இருந்து அக்கா பேசறேன். விடிஞ்சுடுச்சே, என்ன சமாச்சாரம்?

— மேனேஜர் கட்டில் பக்கத்துல தரையில படுத்திருந்தாரு. பாப்பா முழிச்சா. தலகாணியைத் தொடவே இல்ல. எட்டி அவரைப் பாத்தா, சிரிச்சா, என்கிட்ட பால் கேட்டா.

— அழலையா?

— அழல.

— நல்லதாப் போச்சு. பாப்பா அம்மாவுக்குச் சொல்லியாச்சா?

— இப்பதான் பேசினா. கப்பல் கரைக்கு வந்திருக்காம். "இன்னைக்கும் அழுதாளா"ன்னு கேட்டா.

— என்ன சொன்னீங்க?

— அழுதான்னு சொன்னேன்.