அழிக்கச் சொன்ன குரல்கள்

தேநீருக்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, விசாரணை அதிகாரியிடமே போய் அதையும் குறை சொல்ல முடியுமா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் நடத்துவது ஆய்வு நெறிமுறை. செயற்கை நுண்ணறிவை ஆய்வில் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று நாளைய ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அந்த வகுப்பில்தான் அவள் இருந்தாள். எதைக் கொடுத்தாலும் அடிக்குறிப்பைத் தேடிப் பார்ப்பாள் என்பதால் அவளுக்கு அடிக்குறிப்பு என்றே பெயர்.

ஒருநாள் நான் கொடுத்த பாடக்குறிப்போடு எழுந்து நின்றாள்.

"மேடம், இந்த மூணாவது புத்தகம் எங்கயுமே இல்லையே. அப்படி ஒருத்தர் எழுதவே இல்லை."

பாடக்குறிப்பை எழுதியது இயந்திரம். அவசரத்தில் நான் சரிபார்க்கவில்லை. வகுப்பே குலுங்கிச் சிரித்தது. துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்த நேரம் அது. செய்தி மேலே போனது, பதவி கை நழுவியது. வேண்டுமென்று செய்யவில்லை மேடம் என்று வந்து மன்னிப்புக் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் ஏன் வகுப்பில் சந்தேகம் கேட்பதில்லை என்பது தலைப்பு. பள்ளிப் பிள்ளைகளிடம் பேசிப் பதிவு செய்து, ஒவ்வொரு சொல்லையும் தானே கேட்டு எழுதினாள். இயந்திரத்தைத் தொடவே இல்லை. எனக்குத் தெரியும், பதிவுகளை முழுக்கக் கேட்டவள் நான். "கேட்டா மிஸ் சிரிப்பாங்க. அப்புறம் எல்லாரும் சிரிப்பாங்க. வீட்டுக்குப் போனாலும் அந்தச் சிரிப்பு காதுலயே கேக்கும்" என்றது ஒரு சின்னப் பெண். அது சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

கேட்டு முடித்ததும் அவளிடம் சொன்னேன்.

"சின்னப் பிள்ளைங்க குரல்மா. வெளிய போச்சுன்னா யார் பொறுப்பு? எழுதியாச்சுல்ல, அழிச்சிடு."

"வைவா முடியட்டுமே மேடம்?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

என் கண் முன்னாலேயே அழித்தாள். அன்றைக்கு மதியம் ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று தேர்வுக் குழுவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். எந்தக் குழந்தையும் இவ்வளவு அழகாகப் பேசாது, இயந்திரம் எழுதியதாகத் தோன்றுகிறது என்று. பதிவுகள் எங்கே என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"மேடம்தான் அழிக்கச் சொன்னாங்க."

"வைவா முடியிற வரைக்கும் வெச்சிருக்கணும்னு வகுப்புல சொல்லித் தந்தேனா இல்லையா?"

"தந்தீங்க."

பொய் சொல்ல வராது அவளுக்கு. பட்டம் போயிற்று. இனி எந்தப் பள்ளியும் அவளை வாசலில்கூடச் சேர்க்காது. அந்தச் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் அம்மா கல்லூரிக்கு வந்து, அதெல்லாம் என் மகள் சொன்னதுதான் என்று நிற்காமல் இருந்திருந்தால், நீங்களும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

ஆமாம், திட்டம் போட்டுத்தான் செய்தேன். ஒன்றை மட்டும் தயவுசெய்து சரியாக எழுதிக்கொள்ளுங்கள். இதில் எந்த இடத்திலும் நான் செயற்கை நுண்ணறிவின் உதவியை நாடவில்லை. எனக்கென்று ஒரு நெறிமுறை இருக்கிறது.